போர்ட்லாந்து ஜப்பானியத் தோட்டம்: பார்க்கச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரின் மேற்குக் குன்றுகளின் மேல் உள்ள ஜப்பானியத் தோட்டத்தைப் பற்றிய கேள்விகள் இவை. பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் உறவினரையும் தவறாமல் அழைத்துச் செல்லும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இவ்வளவு கட்டணம் வாங்குகிறார்கள், பூவே அதிகம் இல்லையே" என்று மனக்குறையோடு திரும்புபவர்களும் பலர். எங்கே நின்று பார்க்க வேண்டும், எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும் என்பதையெல்லாம் அமைத்தவர்கள் முன்கூட்டியே எண்ணி உருவாக்கிய தோட்டம் இது. அந்த எண்ணத்தைச் சிறிதளவு தெரிந்துகொண்டு சென்றால் அதே தோட்டம் வேறாகத் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

தோட்டம் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

நகர மையத்துக்கு மேற்கே, வாஷிங்டன் பூங்கா என்னும் பெரிய நகரப் பூங்காவுக்குள் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 12 ஏக்கர். இதே இடத்தில் முன்பு நகரின் உயிரியல் பூங்கா இருந்தது. அது 1959-இல் வேறிடத்துக்கு மாறிய பிறகு காலியாகக் கிடந்த சரிவில்தான் தோட்டம் எழுந்தது.

ஜப்பானியத் தோட்டம் ஒன்று போர்ட்லாந்தில் உருவானது எப்படி?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வரலாறு தெரியாமல் பார்ப்பது பாதி பார்ப்பதாகவே முடியும்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, மேற்குக் கடற்கரை மாநிலங்களில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். போர்ட்லாந்தில் கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட ஒரு பெரிய கொட்டகையில் 3,500-க்கும் மேற்பட்டோர் அந்தக் கோடை முழுவதும் அடைத்து வைக்கப்பட்டு, பின்னர் தொலைவிலுள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள்.

அதே நகரம் 1959-இல் ஜப்பானின் சப்போரோ நகரத்தோடு உடன்பிறப்பு நகர உறவை ஏற்படுத்திக்கொண்டது. போர் முடிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1963-இல், ஒரு ஜப்பானியத் தோட்டம் அமைப்பதற்கு நகர நிர்வாகம் இந்த இடத்தை ஒதுக்கியது. வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றவர் டோக்கியோ வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் தகுமா டோனோ. இளமையில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தோட்டம் 1967-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் ஜப்பானிலிருந்தே தோட்ட இயக்குநர்கள் அடுத்தடுத்து வந்து, இங்கேயே தங்கி இதை வளர்த்தார்கள்.

உள்ளே என்னென்ன இருக்கின்றன?

ஜப்பானில் பெரும்பாலும் ஒரு தோட்டம் ஒரு பாணியைச் சேர்ந்ததாகவே இருக்கும். இங்கே டோனோ ஐந்து வெவ்வேறு பாணித் தோட்டங்களை ஒரே சரிவில் அடுத்தடுத்து அமைத்தார். ஜப்பானியத் தோட்டக்கலையை அறியாத மக்களுக்கு அதன் பல முகங்களைக் காட்ட வேண்டும் என்பது அவரது நோக்கம். தட்டைத் தோட்டம், குளத்தைச் சுற்றி நடக்கும் தோட்டம், தேநீர்த் தோட்டம், இயற்கைத் தோட்டம், மணலும் கல்லும் மட்டும் கொண்ட தோட்டம் ஆகியவை அந்த ஐந்து. பின்னாளில் நுழைவாயில் தோட்டம், போன்சாய் மேடை, கட்டடங்களுக்கு இடையிலான சிறு முற்றத்தோட்டம் ஆகியவை சேர்ந்தன.

குளத்துத் தோட்டம்தான் எல்லோருக்கும் முதலில் பிடிக்கும். மேல் குளத்தில் வளைந்த மரப்பாலமும் கொக்குச் சிலைகளும், கீழ்க் குளத்தில் அருவியும் வண்ணக் கொய் மீன்களும் உள்ளன. இரண்டையும் ஓடை ஒன்று இணைக்கிறது. கீழ்க் குளத்தருகே ஐரிஸ் செடிகளுக்கு நடுவே மடங்கி மடங்கிச் செல்லும் பலகைப் பாலம் இருக்கிறது. நேராகப் போயிருந்தால் பத்தே எட்டில் கடந்துவிடுவோம், மடங்கிச் செல்வதால் ஒவ்வொரு திருப்பத்திலும் கண் வேறொரு பக்கம் திரும்புகிறது. இந்தத் தோட்டத்திலேயே சப்போரோ நகரம் அன்பளிப்பாக அளித்த ஐந்தடுக்குக் கல்விளக்குக் கோபுரமும் நிற்கிறது. பெரும்பாலோர் அதை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் அடியில் தரையைக் குனிந்து பாருங்கள்: அங்கே பதித்த கற்கள் ஹொக்கைடோ தீவின் வடிவில் அமைந்திருக்கும், சப்போரோ நகரம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கல் இருக்கும்.

தட்டைத் தோட்டம் நடப்பதற்கானது அல்ல. 1980-இல் கட்டப்பட்ட மர மண்டபத்தின் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதற்கானது. வெண்மணல் பரப்பு நீரையும், அதற்குள் பசுமையாகத் தெரியும் இரு திட்டுகள் சுரைக்குடுக்கையையும் மதுக்கிண்ணத்தையும் குறிக்கின்றன. வருபவர் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்ற வாழ்த்து அது. மண்டபத்தின் மறுபக்கத் திண்ணைக்கும் போக மறக்காதீர்கள். வானம் தெளிவாக இருந்தால் நகரத்துக்கு அப்பால் 3,429 மீட்டர் உயரமான ஹூட் மலை பனி மூடித் தெரியும். தோட்டத்துக்கு வெளியே இருக்கும் மலையையும் காட்டையும் தோட்டத்தின் காட்சிக்குள் இழுத்துக்கொள்வது ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாகக் கையாளும் உத்தி. ஃபூஜி மலையை நினைவூட்டும் ஒரு மலை எதிரே அமைந்தது இந்தக் குன்றின் பெரும் பேறு.

பூக்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பூவை முதன்மையாக வைத்து இத்தோட்டம் அமைக்கப்படவில்லை. கல், நீர், செடி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஜப்பானியத் தோட்டம். அவற்றிலும் கல்லே எலும்புக்கூடு. பூ இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும், ஆனால் மரத்தின் வடிவமும் கல்லின் இருப்பும் ஆண்டு முழுவதும் நிற்க வேண்டும் என்பதால், அவை பூவில்லாமலே பார்க்கத் தகுந்தவையாக இருக்கும்படி கவனம் செலுத்தப்படுகிறது. பச்சையில் மட்டும் எத்தனை வகை என்று பார்க்கத் தொடங்கினால் குறை தோன்றாது: பாசியின் பச்சை, தேவதாருவின் கரும்பச்சை, மேப்பிள் தளிரின் மஞ்சள் கலந்த பச்சை. பூக்கூட்டத்தையே பார்க்க விரும்புவோருக்கு, சாலையைக் கடந்தால் 1917-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கான ரோஜாச் செடிகள் பூத்து நிற்கும்.

மணலில் கோடு கிழித்து, சில கற்களை நட்டு வைத்திருக்கும் தோட்டத்துக்கு என்ன பொருள்?

நீரே இல்லாமல் நீரைக் காட்டும் தோட்ட வகை இது. ஜென் புத்த மடங்களில் வளர்ந்தது. மணலில் இழுக்கப்பட்ட கோடுகள் அலைகள். இங்கே ஒரு கல் உயரமாக நிற்க, ஏனைய கற்கள் தாழ்வாக அதைச் சுற்றி அமைந்திருக்கின்றன. பசியால் வாடிய தாய்ப் புலியையும் அதன் குட்டிகளையும் கண்டு, அவற்றைக் காப்பாற்றத் தன் உடலையே உணவாகத் தந்த போதிசத்துவரின் கதையை இந்த அமைப்பு நினைவூட்டுகிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் இந்தியக் கதைகளுள் ஒன்று அது. சீனா வழியாக ஜப்பானுக்குச் சென்று, அங்கிருந்து பசிபிக் பெருங்கடலைத் தாண்டி இந்தக் குன்றுக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். கதை தெரிந்தபின் அந்த நெட்டைக் கல் முன்னே குனிந்து நிற்பதுபோல் அவர்களுக்குத் தோன்றும்.

எனினும் கதையைத் தெரிந்துகொள்வது கட்டாயமில்லை. மேலிருந்து பார்க்கும் இடத்தில் நின்று, எதையும் தேடாமல் ஐந்து நிமிடம் பார்த்தாலே போதும். மணலில் கால் வைக்கக் கூடாது; ஒரே ஒரு காலடித்தடம் விழுந்தாலும் தோட்டக்காரர் அந்தப் பகுதி முழுவதையும் மீண்டும் வார வேண்டியிருக்கும்.

தேநீர்த் தோட்டத்தில், கறுப்புக் கயிறு கட்டிய சிறு கல் ஒன்று பாதையில் கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைக்கலாமா?

தயவுசெய்து தொடாதீர்கள். உள்ளங்கை அளவு உருண்டைக் கல்லைப் பனைநார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே பிடிபோல் ஒரு முடிச்சு விட்டு, படிக்கல் ஒன்றின் நடுவில் வைத்திருப்பார்கள். "இந்த வழியாகச் செல்ல வேண்டாம்" என்பது அதன் செய்தி. வேலியோ பூட்டோ அறிவிப்புப் பலகையோ இல்லாமல், விருந்தாளியின் பண்பை நம்பி வைக்கப்பட்ட தடை அது. இந்தத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் எது என்று கேட்டால் இந்தக் கல்லைத்தான் சொல்வேன்.

படிக்கற்களிலும் அதே நுட்பம் இருக்கிறது. சிறியவையாகவும் சற்று ஏறுமாறாகவும் பதிக்கப்பட்ட இடங்களில் நாம் தரையைப் பார்த்துத்தான் நடக்க முடியும். திடீரென்று ஒரு பெரிய, அகலமான கல் வரும். அங்கே கால் தானாக நிற்கும், தலை நிமிரும், அந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டிய காட்சி எதிரே இருக்கும். தேநீர் இல்லத்துக்கு முன் தாழ்வான கல்தொட்டி ஒன்று உண்டு. தேநீர்ச் சடங்குக்கு வருபவர் அங்கே குனிந்து கையும் வாயும் கழுவிக்கொண்டு, உடலைக் குறுக்கித்தான் நுழையக்கூடிய சிறு வாயில் வழியாக உள்ளே செல்வது மரபு. வாளோடு வரும் சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டே நுழைய வேண்டும். கஷிந்தெய் எனப்படும் இந்த இல்லம் ஜப்பானில் கட்டப்பட்டு, பகுதி பகுதியாகக் கொண்டுவரப்பட்டு, 1968-இல் இங்கே மீண்டும் பொருத்தப்பட்டது.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

மார்ச் இறுதி முதல் ஏப்ரல் முற்பகுதி வரை செர்ரி, மே மாதத்தில் அசேலியா, ஜூனில் ஐரிஸ், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மேப்பிள் இலைகளின் சிவப்பு. கூட்டம் மிக அதிகமாக இருப்பது அந்த இலையுதிர் வாரங்களில்தான். என் பரிந்துரை வேறு: அக்டோபருக்குப் பின் மழைக்காலம் தொடங்கியதும், வார நாள் ஒன்றில், குடையோடு செல்லுங்கள். போர்ட்லாந்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி குளிர்காலத்தையொட்டிய மாதங்களில்தான் பெய்கிறது. கோடையில் வெளிறிய பாசி அப்போதுதான் தன் முழு நிறத்துக்கு வரும், கற்கள் நனைந்து கறுத்து அவற்றின் கோடுகள் துலங்கும். ஈரக் கற்படிகள் வழுக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எப்படிச் செல்வது? வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?

நிறுத்துமிடம் உண்டு, ஆனால் குறைவு, கட்டணமும் உண்டு. வார இறுதிகளில் ரோஜாத் தோட்டத்துக்கு வருபவர்களும் அதே இடத்துக்காகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கத்திலிருந்தோ நகர மையத்திலிருந்தோ வருபவர்களுக்கு மேக்ஸ் என்னும் நகர ரயிலே வசதி. நீலத் தடத்திலோ சிவப்புத் தடத்திலோ ஏறி வாஷிங்டன் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். தரைக்குக் கீழே ஏறத்தாழ 79 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த நிலையத்திலிருந்து மின்தூக்கியில் மேலே வந்தால், பூங்காவுக்குள் ஓடும் இலவச ஷட்டில் பேருந்து கிடைக்கும். நுழைவுக் கட்டணம், திறந்திருக்கும் நேரம், வார விடுமுறை ஆகியவை பருவத்துக்கேற்ப மாறுபவை என்பதால், கிளம்பும் முன் தோட்டத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

முழங்கால் வலியுள்ள அப்பா, அம்மாவை அழைத்துச் செல்ல முடியுமா?

முடியும், ஆனால் எல்லாப் பகுதிக்கும் அல்ல. சாலையோர நுழைவாயிலிலிருந்து தோட்டம் வரை குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை இருக்கிறது. ஏற முடியாதவர்களைத் தோட்டத்தின் வண்டியே மேலே கொண்டுவிடும். மேல் முற்றம், மண்டபம், தட்டைத் தோட்டம் ஆகியவற்றைச் சக்கர நாற்காலியிலும் பார்க்கலாம். இயற்கைத் தோட்டமும் கீழ்ப் பகுதிகளும் செங்குத்தான கற்படிகளும் சரளைப் பாதைகளும் நிறைந்தவை. அங்கே குழந்தைகளின் தள்ளுவண்டியும் சரிவராது. அம்மா செருப்போடு கிளம்பினால் தடுத்து, அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள். படி இறங்க முடியாதவர்களை மண்டபத் திண்ணையில் நிம்மதியாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் கீழே சென்று வரலாம். அதை அவர்கள் இழப்பாகக் கருத வேண்டியதில்லை. தட்டைத் தோட்டம் அப்படி உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

இது கோயிலா? காலணியைக் கழற்ற வேண்டுமா?

கோயில் அல்ல; வழிபாட்டுக்கென அமைந்த இடமும் அல்ல. பாதைகளில் காலணியோடு நடக்கலாம். கல்விளக்குகளும் தொட்டிகளும் ஒருகாலத்தில் கோயில் வளாகங்களிலிருந்து தேநீர்த் தோட்டங்களுக்கு வந்தவை என்பதால் அந்தச் சாயல் தெரிகிறது. குளத்தில் காசு போடுவதும் மீனுக்கு உணவு போடுவதும் வேண்டாம்.

உள்ளே சாப்பிட ஏதாவது கிடைக்குமா? சைவம் உண்டா?

2017-இல் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த புதிய முற்றமும் கட்டடங்களும் திறக்கப்பட்டபோது, உமாமி என்னும் தேநீரகமும் அதன் பகுதியாக வந்தது. மலைச்சரிவுக்கு மேல் நீட்டிக் கட்டப்பட்ட அதன் கண்ணாடிச் சுவர்களுக்கு வெளியே மரங்களின் நடுப்பகுதி தெரியும். பச்சைத் தேநீரும் சிறு பலகாரங்களும் கிடைக்கும். சுத்த சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறி மட்டுமே உள்ளதாகத் தோன்றும் ஜப்பானிய உணவிலும், உலர்ந்த மீனிலிருந்து எடுத்த தாஷி என்னும் சாறு கலந்திருக்கக்கூடும். கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்தால் தோட்டத்துக்கு வெளியே, வாஷிங்டன் பூங்காவின் புல்வெளியில் சாப்பிடலாம், தோட்டத்துக்குள் வேண்டாம்.

இது உண்மையான ஜப்பானியத் தோட்டம்தானா, பார்வைக்கு அப்படிச் செய்ததா?

அமெரிக்காவுக்கான ஜப்பானியத் தூதராக இருந்த நோபுவோ மட்சுனாகா, ஜப்பானுக்கு வெளியே உள்ளவற்றில் இதுவே மிக அழகானதும் மரபு வழுவாததுமான தோட்டம் என்று பாராட்டியிருக்கிறார். பாராட்டைவிட வேலையைப் பார்ப்பது நல்ல சான்று. வசந்தத்தின் பிற்பகுதியில் சென்றால், தோட்டக்காரர்கள் பைன் மரத்தின் புதுக் குருத்துகளை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் பழைய ஊசியிலைகளைக் கையால் உருவி எடுப்பார்கள், ஒளி மரத்தின் உட்பகுதிக்கும் இறங்க வேண்டும் என்பதற்காக. பாசிக்குள் முளைக்கும் களையை மண்டியிட்டுக் கையாலேயே பிடுங்குவார்கள். இவ்வேலை ஓராண்டு நின்றுவிட்டால்கூட மரங்களின் வடிவம் கலைந்து, தோட்டம் காட்டின் பக்கம் சாயத் தொடங்கிவிடும்.

மறுபுறம், இதன் பொருட்கள் எல்லாம் ஜப்பானிலிருந்து வந்தவை அல்ல, அப்படி இருக்க வேண்டியதும் இல்லை. பின்னணியில் வானளாவி நிற்கும் டக்ளஸ் ஃபிர் மரங்கள் இந்த மண்ணுக்கே உரியவை. புதிய முற்றத்தருகே எழும் கோட்டைச் சுவரை, பதினைந்து தலைமுறையாகக் கல்வேலை செய்துவரும் ஜப்பானியக் குடும்பத்தைச் சேர்ந்த சுமினோரி அவாதா, சாந்து வைக்காமல் கல்மேல் கல் பொருத்தும் பழைய முறையில் கட்டினார். கல்லோ ஓரிகனின் கிழக்குப் பகுதியில் எடுத்த கருங்கல். முறையும் பொறுமையும் ஜப்பானுடையவை, கல்லும் மழையும் ஓரிகனுடையவை. இதை நான் கலப்படமாக நினைக்கவில்லை; உள்ளூர்க் கல்லையும் உள்ளூர் மலையையும் மதித்துத் தொடங்குவதுதான் ஜப்பானியத் தோட்டக்கலையின் இயல்பு.

படம் எடுக்கலாமா?

கைபேசியிலும் கேமராவிலும் தாராளமாக எடுக்கலாம். ட்ரோன் கூடாது. குறுகிய பாதைகளை அடைக்கும் முக்காலியைக் கொண்டுவர வேண்டாம். மேல் குளத்தருகே தாழ்வாகக் கவிந்து நிற்கும் ஒரு மேப்பிள் மரம் உலகப் புகழ் பெற்றது. அக்டோபர் கடைசியில் அதன் கிளைகளுக்கடியிலிருந்து மேல்நோக்கிப் படமெடுக்க வரிசையே நிற்கும். உங்கள் முறை வந்ததும் சுருக்கமாக எடுத்துவிட்டு, பின்னால் நிற்பவருக்கு இடம் விடுங்கள்.

அதே நாளில் வேறு எதைப் பார்க்கலாம்?

நகர மையத்தில் லான் சூ சீனத் தோட்டம் இருக்கிறது. சூசோ நகரக் கைவினைஞர்களின் உழைப்பில் 2000-இல் திறக்கப்பட்டது. சுவர், கூரை, சாளரம், முற்றம் எனக் கட்டடமும் தோட்டமும் பின்னிக் கிடக்கும் அதை இதனுடன் ஒரே நாளில் பார்த்தால் இரண்டு மரபுகளின் வேறுபாடும் எளிதில் புரியும்.

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், நான் வில்லமெட் ஆற்றங்கரைக்குச் செல்லச் சொல்வேன். அங்கே 1990-இல் திறக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர் வரலாற்று நினைவிடம் உள்ளது. 1942-இல் வெளியேற்றப்பட்டவர்களின் அனுபவத்தைச் சொல்லும் குறுங்கவிதைகளை அங்கே கற்களில் பொறித்திருக்கிறார்கள். அருகிலேயே நூறு செர்ரி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மார்ச் இறுதியில் அங்கே பூவைப் படமெடுக்க வரும் கூட்டத்தில் கற்களைப் படிப்பவர்கள் சிலரே. தோட்டத்தில் காலையைச் செலவிட்டுவிட்டு, மாலையில் இங்கு வந்து அவற்றை ஒவ்வொன்றாகப் படியுங்கள்; அனுமதி இலவசம், பாதை சமதரை, பெரியவர்களும் சிரமமின்றி நடக்கலாம்.